தம் பிழையின் அளவை அறிந்தவர்: சர் பிரான்சிஸ் சிச்செஸ்டர்

கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நாம் எல்லோரும் செய்யும் வேலை ஒன்று உண்டு. வினாத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, நம் விடையும் தோழியின் விடையும் ஒன்றா என்று பார்ப்போம். ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. வேறாக இருந்தால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். என்றாலும், அன்று மாலை வீடு போய்ச் சேர்வதில் நமக்குத் தடை ஏதுமில்லை. போவது ஐந்து மதிப்பெண் மட்டுமே.

1931-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், ஒரு மனிதர் நடுக்கடலுக்கு மேலே சிறு விமானம் ஒன்றில் தன்னந்தனியே அமர்ந்து ஒரு கணக்குப் போட்டார். விடையை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தோழர் யாரும் இல்லை. விடை தவறினால் திரும்பிப்போக எரிபொருளும் இல்லை. அவர் கையில் இருந்தவை ஒரு கோணமானி, ஒரு கடிகாரம், ஒரு பஞ்சாங்கம், ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவு அளவுகோல் ஒன்று. அவ்வளவுதான். அவரே பின்னாளில் உலகம் போற்றிய சர் பிரான்சிஸ் சிச்செஸ்டர். அவர் வாழ்க்கையை இங்கே சிறிது காண்போம். விரலால் தட்டினால் விடை வந்துவிடும் காலத்தில் வாழும் நமக்கு அவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

இளமை

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே ஷெர்வெல் என்ற சிற்றூரில் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் சபையின் குரு. ஆறு ஏழு வயதிலேயே சிறுவனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். கிட்டப்பார்வை உள்ள அந்தச் சிறுவன் மூக்குக்கண்ணாடியோடும் தனிமையோடும் வளர்ந்தான். தனிமை அவனுக்குப் பழகிப்போயிற்று. பிற்காலத்தில் அதுவே அவனுக்குத் துணையும் ஆயிற்று.

1919-இல், 18 வயதில், 10 பவுன் பணத்தோடு நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே பண்ணையிலும் காட்டிலும் சுரங்கத்திலும் உடல் நோக உழைத்தார். பின்னர் நிலம், மரம் வளர்ப்பு ஆகிய தொழில்களில் இறங்கி ஓரளவு செல்வம் சேர்த்தார். 1929-இல் தாய்நாடு திரும்பியபோது விமானம் ஓட்டக் கற்றார். ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானம் ஒன்றையும் விலைக்கு வாங்கினார். மேலே கூரை இல்லாத இருக்கை, துணி போர்த்திய இறக்கை, ஒரே ஓர் எஞ்சின். அதுதான் அந்த விமானம். ஓட்டக் கற்ற சில மாதங்களிலேயே, அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், அதில் தனியே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். 1930 ஜனவரி இறுதியில் சிட்னி நகரை அடைந்தார்.

அடுத்து அவர் மனத்தில் எழுந்த ஆசை இன்னும் பெரியது. நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே டாஸ்மன் கடல் விரிந்து கிடக்கிறது. அதை நியூசிலாந்துப் பக்கமிருந்து தனியாக யாரும் விமானத்தில் கடந்ததில்லை. தாம் கடக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் அவருடைய சிறு விமானம் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்க இயலாது. ஆகவே விமானத்தின் சக்கரங்களைக் கழற்றி, நீரில் இறங்க மிதவைகளைப் பொருத்தினார். வழியில் நார்ஃபோக் தீவிலும் லார்டு ஹவ் தீவிலும் இறங்கி எரிபொருள் நிரப்பத் திட்டமிட்டார்.

திட்டம் சொல்ல எளிது. நார்ஃபோக் தீவின் நீளம் சுமார் 8 கிலோமீட்டர். அவர் புறப்படும் இடத்திலிருந்து அதற்குள்ள தூரம் 770 கிலோமீட்டர். இடையே அடையாளம் சொல்ல ஒரு பாறைகூட இல்லை. காற்று சற்றுப் பக்கவாட்டில் தள்ளினால் போதும், தீவு கண்ணுக்கே படாமல் ஒதுங்கிவிடும்.

கடலில் இடம் அறிவது எப்படி?

எந்த நேரத்திலும் உலகில் ஏதோ ஓர் இடத்தில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அது எந்த இடம் என்பதை மாலுமிகளுக்கான பஞ்சாங்கம் நொடிக் கணக்கில் சொல்லும். நாம் இருக்கும் இடத்தில் சூரியன் உச்சியிலிருந்து ஒரு பாகை சாய்ந்து தெரிந்தால், அந்த இடத்திலிருந்து 60 கடல் மைல் தள்ளி இருக்கிறோம். பத்துப் பாகை சாய்ந்தால் 600 கடல் மைல். அதாவது, தொடுவானத்துக்கு மேல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கோணமானியால் அளந்தால், அந்த இடத்திலிருந்து நம் தூரம் தெரிந்துவிடும்.

தூரம் தெரிந்தால் நாம் ஒரு பெரிய வட்டத்தின் மேல் எங்கோ இருக்கிறோம் என்று பொருள். வட்டம் மிகப் பெரியது. ஆகையால் நம் அருகில் அது நேர்கோடு போலவே இருக்கும். அந்தக் கோடு சூரியன் இருக்கும் திசைக்குக் குறுக்கே செல்லும். இதை மாலுமிகள் நிலைக்கோடு என்பார்கள்.

இந்தக் கோட்டை வரைபடத்தில் இடுவதற்கு ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். உலகின் துருவம் ஒரு முனை, நாம் இருப்பதாக நினைக்கும் இடம் இரண்டாவது முனை, சூரியன் உச்சியில் உள்ள இடம் மூன்றாவது முனை. இம்மூன்றும் சேர்ந்து பந்தின்மேல் வரைந்தது போன்ற கோள முக்கோணம் ஆகும். அதைத் தீர்க்க சைன், கொசைன், டேன்ஜென்ட் எல்லாம் தேவை. கப்பலில் மேசை உண்டு, நாற்காலி உண்டு, மடக்கை அட்டவணையைப் புரட்ட நேரமும் உண்டு. தனியாளாக விமானம் ஓட்டுபவருக்கு ஒரு கையும் முழுதாக ஓய்வில்லை. அட்டவணைப் புத்தகத்தைத் திறந்தால் காற்றே பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போகும்.

மூன்று குழாய்கள்

இங்கேதான் ஸ்லைடு ரூல் வருகிறது. இரண்டு சாதாரண அளவுகோல்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினால் 2-உம் 3-உம் சேர்ந்து 5 ஆகும் அல்லவா? எண்களை மடக்கை முறைப்படி இடைவெளி விட்டுப் பொறித்துவிட்டால், அதே நகர்த்தல் கூட்டலைச் செய்யாமல் பெருக்கலைச் செய்யும். 1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே வில்லியம் ஓட்ரெட் என்ற ஆங்கிலிக்கன் குரு நழுவும் அளவுகோலை அமைத்துவிட்டார். அதன்பின் 300 ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியாளர்களின் சட்டைப் பையில் அது இடம் பெற்றிருந்தது.

சாதாரண ஸ்லைடு ரூலில் மூன்று இலக்கம் வரை படிக்கலாம். கடற்பயணக் கணக்குக்கு அது போதாது. கோடு நீளமாக இருந்தால்தான் நுட்பமாகப் படிக்க முடியும். பிரிட்டிஷ் விமானப்படையைச் சேர்ந்த கேப்டன் பைக்ரேவ் என்பவர் 1920-ஆம் ஆண்டு வாக்கில் இதற்கு வழி கண்டார். நூற்கண்டில் நூலைச் சுற்றுவதுபோல அளவுக் கோட்டைக் குழாயின்மேல் சுருள் சுருளாகச் சுற்றினார். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழாய்கள். பல அடி நீளமுள்ள கோடு கைக்கு அடங்கிவிட்டது. குழாய்களை இழுத்தும் திருப்பியும் இரண்டொரு நிமிடத்தில் கோள முக்கோணத்தைத் தீர்த்துவிடலாம். சிச்செஸ்டரிடம் இருந்தது இந்தக் கருவியே.

வேண்டுமென்றே ஒரு பிழை

நல்ல கருவி கிடைத்துவிட்டது. இனி நேரே தீவை நோக்கிப் பறக்க வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். சிச்செஸ்டர் அப்படிச் செய்யவில்லை. தீவுக்கு நேராக அல்லாமல், வேண்டுமென்றே அதற்குப் பல மைல் ஒரு பக்கமாக விலகியே விமானத்தைச் செலுத்தினார்.

காரணத்தை நம் ஊர்க் கதையாகப் பார்ப்போம். இருட்டில் வயல்வெளியைக் கடந்து, வாய்க்கால் கரையில் உள்ள கிணற்றடிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றை நோக்கி நேரே நடக்கிறோம். கரை வந்துவிட்டது, கிணற்றைக் காணோம். இடப்பக்கம் போவதா, வலப்பக்கம் போவதா? தெரியாது. ஆனால் தொடக்கத்திலேயே சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து நடந்திருந்தால், கரையை மிதித்ததும் ஐயமே இல்லை. வலப்பக்கம் திரும்பிக் கரையோடு நடந்தால் கிணறு வந்தே தீரும்.

சிச்செஸ்டருக்கு வாய்க்கால் கரையாக அமைந்தது சூரியன் வரைந்த நிலைக்கோடு. தீவின் வழியாகச் செல்லும் கோட்டில் தாம் இருக்கும்போது, குறித்த நேரத்தில் சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரிய வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டார். கோணமானி அந்த அளவைக் காட்டியதும் தீவின் கோட்டுக்கு வந்துவிட்டோம் என்று அறிந்தார். உடனே விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பி அந்தக் கோட்டின்மீதே பறந்தார்.

அந்தத் திருப்பம் எளிதன்று. முன்னே கடல், பின்னே கடல், இரு பக்கமும் கடல். இதுவரை வந்த திசையை விட்டுவிட்டு, கணக்குச் சொல்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். நேரே போ, நேரே போ என்று மனம் கெஞ்சும். அவர் மனமும் கெஞ்சியது. ஆனால் கணக்கைக் கரையில் இருக்கும்போதே பலமுறை பழகி, அதன் பிழை எவ்வளவு வரை இருக்கக்கூடும் என்பதையும் அறிந்திருந்தார். அந்தப் பிழையைவிடப் பெரிதாகவே தாம் விலகி வந்திருப்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே திரும்பினார். நார்ஃபோக் தீவு கண்ணெதிரே எழுந்தது. அந்தத் தீவில் வந்திறங்கிய முதல் விமானம் அதுவே.

ஏப்ரல் 1-ஆம் நாள், இன்னும் 900 கிலோமீட்டர் தள்ளியுள்ள லார்டு ஹவ் தீவையும் இதே முறையில் கண்டுபிடித்தார்.

மூழ்கிய விமானம்

கணக்கு காப்பாற்றியது. காற்று காப்பாற்றவில்லை. லார்டு ஹவ் தீவில் இறங்கிய அன்றிரவே புயல் வீசியது. கரையோரம் கட்டி வைத்திருந்த விமானம் கவிழ்ந்து நீரில் மூழ்கிற்று. தொழிற்சாலை இல்லாத சின்னஞ்சிறு தீவு அது. வேறொருவராக இருந்தால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். சிச்செஸ்டர் எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கழுவினார், இறக்கைகளைப் புதுப்பித்தார். தீவு மக்கள் முழு மனத்தோடு கைகொடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் இப்படியே கழிந்தன. ஜூன் 6-ஆம் நாள் மீண்டும் வானில் ஏறி, ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில் இறங்கினார். அவருடைய வழிகாணும் திறமைக்காக ஜான்ஸ்டன் நினைவுக் கோப்பை முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது.

அதே ஆண்டு ஜப்பான் வரை பறந்தவர், அங்கே கம்பிகளில் மோதி விழுந்து படுகாயமுற்றார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, 1937-இல் ஷீலா என்னும் அம்மையாரை மணந்தார். இரண்டாம் உலகப்போரில், கண்பார்வையும் வயதும் காரணமாக அவரைப் போர் விமானியாகச் சேர்க்கவில்லை. ஆனால் தனியாளாகப் பறக்கும் இளம் விமானிகள் வழி தவறாமல் வீடு திரும்புவது எப்படி என்று கற்பிக்கும் கையேடுகளை எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. தாம் டாஸ்மன் கடலில் உயிரைப் பணயம் வைத்துக் கற்றதை, பெற்றோரின் பிள்ளைகள் திரும்பி வருவதற்காகப் பகிர்ந்துகொண்டார். போர் முடிந்ததும் எஞ்சிய பழைய விமான வரைபடங்களை வாங்கி, அட்டையில் ஒட்டி, சிறுவர்கள் சேர்த்து விளையாடும் துண்டுப் புதிர்களாக்கி விற்றார். அதுவே அவருடைய வரைபட வணிகத்தின் தொடக்கம்.

நோயும் உலகப் பயணமும்

1958-இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. மனைவி ஷீலா நம்பிக்கை இழக்காமல் வேண்டுதலோடும் பணிவிடையோடும் உடனிருந்து காத்தார். அந்த நோய்க்கணிப்பே சரிதானா என்ற ஐயமும் பிற்பாடு எழுந்தது. எவ்வாறாயினும் அவர் தேறினார். தேறியவர் நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. 1960-இல், தனியாளாகப் பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் போட்டியில் 40 நாளில் முதலாவதாக வந்தார்.

1966 ஆகஸ்டு 27-ஆம் நாள், 65-ஆம் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஜிப்ஸி மாத் 4 என்னும் படகில் பிளிமத் துறைமுகத்திலிருந்து தனியே புறப்பட்டார். 107 நாளில் சிட்னியை அடைந்தார். 1967 மார்ச்சில் தென் அமெரிக்காவின் முனையிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றினார். மே 28-ஆம் நாள் பிளிமத் திரும்பினார். வழியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தங்கி உலகைச் சுற்றிவந்த அவரை நாடே திரண்டு வரவேற்றது. முதலாம் எலிசபெத் அரசி பிரான்சிஸ் டிரேக் என்ற மாலுமிக்கு சர் பட்டம் அளித்த அதே வாளால், இரண்டாம் எலிசபெத் அரசி கிரீனிச்சில் இவருக்கும் அப்பட்டம் அளித்தார். அந்தப் பயணத்திலும் அவருக்கு வழிகாட்டியவை சூரியனும் விண்மீன்களும் கோணமானியும் கடிகாரமும்தான்.

1972 ஆகஸ்டு 26-ஆம் நாள் பிளிமத்தில் அவர் காலமானார். பிறந்த ஊரான ஷெர்வெல்லில் அடக்கம் செய்யப்பட்டார்.

கால்குலேட்டர் வந்தது

அவர் மறைந்த அதே 1972-இல் ஒரு புதுமை கடைக்கு வந்தது. எச்.பி.35 என்னும் கையடக்கக் கால்குலேட்டர் அது. சைன், கொசைன் முதலியவற்றையும் நொடியில் தரும் முதல் சட்டைப்பைக் கருவி. விலை 395 டாலர். சில ஆண்டுகளில் விலை இறங்கியது; ஸ்லைடு ரூல்கள் அலமாரிக்குள் போயின. மாலுமிகளும் கால்குலேட்டருக்கு மாறினார்கள். இன்று செயற்கைக்கோள் உதவியால் கைப்பேசியே இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

பழையதே உயர்ந்தது என்று நாம் வாதாட வரவில்லை. கால்குலேட்டர் வேகமானது, நுட்பமானது. களைத்த கண்ணுக்கும் நடுங்கும் கைக்கும் பெரும் உதவி. சிச்செஸ்டரும் தம் காலத்தில் கிடைத்தவற்றுள் சிறந்த கருவியையே தேடி எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஸ்லைடு ரூலில் 2-உம் 20-உம் 200-உம் ஒரே கோட்டில்தான் இருக்கும். புள்ளியை எங்கே வைப்பது என்று கருவி சொல்லாது. விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்பதை நாமே முன்கூட்டிச் சிந்தித்திருக்க வேண்டும். கால்குலேட்டர் அப்படிச் சிந்திக்கச் சொல்வதில்லை. தவறாகத் தட்டினாலும் அதே பளிச்சென்ற எழுத்தில் பத்து இலக்கங்களைக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கோணமானி 12 பாகை 30 நிமிடம் என்று காட்டுகிறது. ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 12.5 என்று தட்ட வேண்டும். அவசரத்தில் 12.30 என்று தட்டிவிட்டோம். அது 12 பாகை 18 நிமிடம் ஆகிவிடும். பிழை 12 நிமிடம். கடலில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். ஆகவே 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். நார்ஃபோக் தீவின் நீளமே 8 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பத்து இலக்க விடை நம்மைத் தீவு இல்லாத கடலுக்கு அழைத்துச் சென்றிருக்கும்.

குலுங்கும் விமானத்திலிருந்து எடுத்த அளவு சில மைல் பிசகும் என்பதைச் சிச்செஸ்டர் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. நான் தவறமாட்டேன் என்று அவர் எண்ணியிருந்தால் நேரே பறந்திருப்பார். தீவைக் காணாமல் கடலில் விழுந்திருக்கவும் கூடும். நான் தவறக்கூடும், இவ்வளவு தூரம் வரை தவறக்கூடும் என்று எண்ணியதால்தான் விலகிப் பறந்தார், கரை சேர்ந்தார்.

அன்பு மாணவியரே! நம் கையில் கால்குலேட்டர் இருக்கட்டும். பொத்தானைத் தொடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். திரையில் வருவது அதற்கு வெகுதூரம் விலகி நின்றால், இன்னொரு முறை தட்டிப் பார்ப்போம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.